டக் டிஎன்எஸ்: ஸ்டேட்டிக் ஐபிக்குப் பணம் கட்டும் முன்

கடை கேமராவையோ வீட்டுக் கோப்பு சர்வரையோ வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றாலே, "ஸ்டேட்டிக் ஐபி வாங்கிடுங்க" என்ற பதில்தான் வரும்; அதாவது மாறாத இணைய முகவரி. பல இடங்களில் அது வீண் செலவு. ரவுட்டர் அணைந்து எரியும்போது ஐபி மாறினால் மாறட்டும். மாறாத பெயர் ஒன்று புது முகவரியைக் காட்டிக்கொண்டே இருந்தால் போதும். டக் டிஎன்எஸ் என்ற இணையச் சேவை அதை இலவசமாகச் செய்கிறது, நன்றாகவும் செய்கிறது.

பதிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை அவசியம். ரவுட்டர் அமைப்பில் வான் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் தெரியும் ஐபியையும், 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளத்தில் வரும் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் தொடரலாம். அந்த வான் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் (CGNAT) இருக்கிறீர்கள்: ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள், வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரவுட்டரை எட்டாது. டக் டிஎன்எஸ் மட்டுமல்ல, மாறும் ஐபிக்குப் பெயர் தரும் எந்த டிடிஎன்எஸ் சேவையும் இங்கே உதவாது. இணைப்பு நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள். கிடைக்காவிட்டால் பொது ஐபி இல்லாமலே சாதனங்களை இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற வழிக்குப் போங்கள். 192.168 என்று தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. பெரும்பாலும் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றினால் தீரும்.

அமைப்பது எளிது. கூகுள் அல்லது கிட்ஹப் கணக்கால் உள்ளே போகலாம். ஒரு கணக்குக்கு 5 பெயர்கள். பெயரையும் டோக்கனையும் (தளம் தரும் ரகசியக் குறியீடு) சேர்த்த ஒரு இணைப்பை அழைத்தால் பதிவு புதுப்பிக்கப்படும். ஐபி இடத்தைக் காலியாக விட்டால், கோரிக்கை எங்கிருந்து வந்ததோ அந்த முகவரியையே எடுத்துக்கொள்ளும். 'ஓகே' என்று பதில் வந்தால் சரி. 'கேஓ' வந்தால் பெயரையும் டோக்கனையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். லினக்ஸில் அந்த இணைப்பை அழைக்கும் கர்ல் கட்டளையை ஸ்கிரிப்டாக வைத்து, நேரப்படி வேலைகளை ஓட்டும் கிரானில் */5 * * * * என்று போட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். டிடிஎல் (பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 60 விநாடிதான் என்பதால் ஐபி மாறினாலும் சில நிமிடங்களில் பெயர் சரியாகிவிடும். டோக்கன் கிடைத்த எவரும் உங்கள் பெயரைத் தன் சர்வருக்குத் திருப்பலாம்; ஸ்கிரிப்டுக்கு 700 அனுமதி (உரிமையாளருக்கு மட்டும்) கொடுங்கள். புதிய வகை ஐபிவி6 முகவரியை டக் டிஎன்எஸ் தானாகக் கண்டுபிடிக்காது, நாமே அனுப்ப வேண்டும்.

இதே வகைச் சேவையான நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். டக் டிஎன்எஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. அதுவே இதைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம்.

சிக்கல்கள் வேறு இடங்களில் வருகின்றன. ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில் விபிஎன் (வேறு சர்வர் வழியே செல்லும் மறைகுறி இணைப்பு) இருந்தால் விபிஎன் சர்வரின் ஐபி பதிவாகிவிடும். வீட்டு வைஃபையிலிருந்து திறக்கவில்லை, மொபைல் டேட்டாவில் திறக்கிறது என்றால் டக் டிஎன்எஸ் மீது தவறில்லை; ரவுட்டரில் நாட் லூப்பேக் (வீட்டுக்குள்ளிருந்தே சொந்தப் பொது ஐபிக்குப் போகும் வசதி) இல்லை. ஒயர்கார்ட் என்ற விபிஎன்னைப் பயன்படுத்துவோர் கவனிக்க: அது பெயரைத் தொடக்கத்தில் மட்டுமே ஐபியாக மாற்றிக்கொள்கிறது. நடுவில் ஐபி மாறினால் இணைப்பை அணைத்து மீண்டும் போட வேண்டும், அல்லது பெயரை மறுபடி தேடும் ஸ்கிரிப்டை ஓடவிட வேண்டும். இணையதளங்களுக்கான இலவச லெட்ஸ் என்க்ரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழுக்கு, பெயர் உங்களுடையது என நிரூபிக்கும் டிஎக்ஸ்டி பதிவு வசதி உண்டு; ஆனால் ஒரு நேரத்தில் ஒரே மதிப்புதான் நிற்கும். பெயரையும் அதன் வைல்ட்கார்டையும் (அதன் கீழுள்ள எல்லாத் துணைப்பெயர்களும்) ஒரே சான்றிதழில் கேட்டால் பெரும்பாலும் தோற்கும். தீநிரல் பரப்புவோரும் இந்தச் சேவையைப் பயன்படுத்துவதால் சில அலுவலக ஃபயர்வால்கள் இதன் பெயர்களையே தடுக்கின்றன.

கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரின் போர்ட்டை மட்டும் நேராக இணையத்துக்குத் திறக்காதீர்கள். ரவுட்டரில் ஒயர்கார்டின் 51820 யூடிபி போர்ட்டை மட்டும் திறந்து, அதன் வழியே கேமராவைப் பாருங்கள்.

ஸ்டேட்டிக் ஐபி உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. சொந்த மெயில் சர்வருக்கு மாறாத ஐபியும், ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவும் வேண்டும். உங்கள் ஐபியை எதிர்த்தரப்பு அனுமதிப் பட்டியலில் வைக்கும் சேவைகளுக்கும் அப்படித்தான். பங்குத் தரகர்களின் ஏபிஐ (நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியே ஆர்டர் போடுவோருக்கு செபியின் 2025 பிப்ரவரி சுற்றறிக்கை இதைக் கேட்கிறது. அங்கே சரிபார்ப்பது எண்ணை, பெயரை அல்ல. அந்த நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் பணம் கட்டலாம். கட்டும் முன், தருவது பொது ஐபிதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.