பாதி விலைக்குக் கேம் கீ விற்கும் தளம்: காட்பாடியிலிருந்து ஒரு விமர்சனம்

காட்பாடி காந்தி நகரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் சின்னக் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் விஐடி பசங்க. புது கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, கேபினெட்டை மூடி, பில்லைக் கையில் கொடுத்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அண்ணா, கேம் எங்கண்ணா சீப்பா கிடைக்கும்?" ஹாஸ்டலில் அதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. கீ விற்கிற தளங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் மூவாயிரம் ரூபாய்க்கு இருக்கும் கேம் அங்கே பாதி விலை என்பார்கள். அப்படி ஒரு தளத்தில் நானே வாங்கிப் பார்த்தேன். என்னிடம் வரும் பசங்க வாங்கி என்ன ஆனார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். தளத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி ஓடுகிற தளங்கள் பல இருக்கின்றன, எதில் வாங்கினாலும் இங்கே சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

என் மதிப்பெண்: டெலிவரி வேகத்துக்கு 5-க்கு 5. விலைக்கு 2. பொறுப்புக்கு 0. அந்த பூஜ்யத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கீ என்பது 15 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு, அவ்வளவுதான். ஸ்டீமில் அதை டைப் செய்தால் கேம் நம் கணக்கில் சேர்ந்துவிடும். கேம் செய்கிறவர்களுக்கு ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி அதை இலவசமாகவே எடுத்துத் தருகிறது. ஸ்டீம் கடையிலேயே விற்றால் வால்வுக்கு வழக்கமாக 30 சதவீதம் போகும். கீயாக எடுத்து வேறு கடையில் விற்றால் வால்வுக்கு ஒன்றும் கிடையாது. கேம் செய்தவர்களுக்கு இது நல்ல வசதி. ஆனால் அந்தக் குறியீடு மெயிலில் போகும், வாட்ஸ்அப்பில் போகும், போட்டோவாகவும் போகும். யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு அதில் எந்த அடையாளமும் இருக்காது. மறுவிற்பனை வியாபாரம் முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

முதலில் விலை. ஸ்டீமில் 2,999 ரூபாய்க்கு இருந்த கேம், தளத்தில் 1,640 என்று பெரிய எழுத்தில் தெரிந்தது. கார்ட்டில் போட்டதும் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி சேர்ந்தது. அடுத்த பக்கத்தில் கார்டில் கட்டுவதற்குத் தனி சார்ஜ். அதற்கும் கீழே, ஏற்கெனவே டிக் அடித்து வைத்த ஒரு கட்டம்: வாங்குபவர் பாதுகாப்புத் திட்டம், மாதச் சந்தா. டிக்கை எடுத்தால், கீயில் பிரச்சினை வந்தால் உதவி கிடைக்காமல் போகலாம் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்பதால் பேங்க்காரன் மார்க்அப் என்று ஒரு கூடுதல் கட்டணம் போட்டான், அந்த மார்க்அப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. சந்தாவைச் சேர்க்காமலே 1,940 ரூபாய் போயிற்று. அதே கேம் ஸ்டீம் சம்மர் சேலில் 50 சதவீதத் தள்ளுபடியில் 1,499-க்கு வந்தது. விலைக்கு நான் 2 போட்டது இதனால்தான்.

கீ ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்தது எழுத்தாக இல்லை, போட்டோவாக. கேம் பெட்டிக்குள் வைக்கும் அட்டையை யாரோ கேமராவில் எடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் நகம் தெரிகிறது, அட்டையில் அச்சிட்டிருப்பது ரஷ்ய எழுத்து. எட்டா பியா, பூஜ்யமா ஓவா என்று ஜூம் செய்து பார்த்துத்தான் டைப் செய்ய வேண்டியிருந்தது. விற்றவரின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். அர்த்தமில்லாத நாலு எழுத்தில் ஒரு பெயர், 97 சதவீதம் பாசிட்டிவ் என்று ஒரு பச்சை வட்டம். ஊர் இல்லை, விலாசம் இல்லை, போன் நம்பர் இல்லை.

செகண்ட் ஹேண்ட் போனை விற்க யாராவது வந்தால், ஒழுங்காகக் கடை நடத்துகிறவர் முதலில் பில்லையும் பெட்டியையும் கேட்பார். இல்லையென்றால் ஆதார் நகலாவது வாங்கி வைப்பார். நாளைக்கு ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்தால் கை காட்ட ஒரு ஆள் வேண்டும். ஆயிரக்கணக்கான கீ விற்கிற தளம் வாங்குகிறவனுக்கு அந்த அளவு விவரம்கூடக் காட்டவில்லை. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி, பலர் வந்து விற்கும் மார்க்கெட்பிளேஸ் தளம் விற்பனையாளரின் பெயர், விலாசம் எல்லாம் வாங்குகிறவர் பார்க்கும்படி காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

என் கீ வேலை செய்தது, இன்றுவரை கேம் இருக்கிறது. நாமக்கல்லில் இருந்து வந்து படிக்கும் மூன்றாம் வருட மாணவன் ஒருவனுக்கு அப்படி நடக்கவில்லை. அதே தளத்தில் வாங்கி, விளையாடிப் பாதிக் கதை வந்தபிறகு, ஒருநாள் ஸ்டீம் லைப்ரரியில் கேமே இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தான். "அண்ணா, ஹார்ட் டிஸ்க் போயிடுச்சான்னு பாருங்கண்ணா." டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. கீயையே கேன்சல் செய்துவிட்டார்கள். வெளியில் வாங்கிய கீ என்பதால் ஸ்டீமில் ரீஃபண்ட் கேட்கவும் வழியில்லை. என் மேஜையில் உட்கார்ந்தே தளத்தின் சாட்டில் எழுதினான். நெடுநேரம் தானியங்கிப் பதில். அதன்பிறகு ஒரு ஆள் வந்து, விற்பனையாளரிடம் பேசுங்கள் என்றார். அந்த விற்பனையாளரின் கணக்கு மூடியிருந்தது. அதைச் சொன்னதும் வந்த பதில்: நீங்கள் பாதுகாப்புத் திட்டத்தில் சேரவில்லை.

இந்த ஒரு பதில் போதும் என்கிறேன். தான் விற்ற பொருள் செல்லும் என்பதற்கே தனியாகக் காசு கேட்கிறார்கள் என்றால், பொருள் செல்லாமல் போகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே விற்கிறார்கள். அந்தப் பயத்தையும் இன்னொரு சரக்காக்கி நம்மிடமே விற்கிறார்கள்.

கீ ஏன் கேன்சல் ஆகிறது என்று பசங்களுக்கு நான் சொல்லித் தருவது இதுதான். திருடிய கார்டு நம்பரை வைத்து ஒருவன் கேம் கம்பெனியின் கடையில் நூறு கீ வாங்குகிறான். அன்றைக்கே மறுவிற்பனைத் தளத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறான். அவன் கைக்கு வந்தது எல்லாமே லாபம். கார்டின் சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து பேங்க்கில் புகார் செய்ய வாரக்கணக்கில் ஆகும். பிறகு சார்ஜ்பேக் என்று பணத்தைக் கேம் கம்பெனியிடம் இருந்து பிடுங்குவார்கள், கூடவே ஒரு அபராதக் கட்டணமும் போடுவார்கள். கீ போச்சு, பணம் போச்சு, மேலே தண்டமும் கட்டியாச்சு. கம்பெனிக்கு மிஞ்சும் ஒரே வழி அந்தக் கீகளை முடக்குவது. முடக்கினால் அடி விழுவது நாமக்கல் பையனுக்கு.

2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி இதைத்தான் செய்தது. திருட்டு கார்டில் வாங்கிய ஃபார் க்ரை 4 கீகளை முடக்கியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும், ஏற்கெனவே விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தது. 2016-இல் டைனிபில்ட் என்ற கம்பெனி, கடை விலைக்குக் கணக்கிட்டால் 4,50,000 டாலர் பெறும் தன் கீகள் ஜி2ஏ என்ற மறுவிற்பனைத் தளத்தில் விற்கப்பட்டதாகக் குற்றம் சாட்டியது. ஜி2ஏ மறுத்தது. 2019-இல் கேம் வெளியிடும் நோ மோர் ரோபாட்ஸ் நிறுவனத்தின் மைக் ரோஸ், ஜி2ஏ-வில் காசு கொடுத்து வாங்குவதைவிட எங்கள் கேமைப் பைரேட் செய்தே விளையாடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். வயிறு எரியாமல் கேம் செய்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். அப்போது ஜி2ஏ, திருட்டுக் கீ தங்களிடம் விற்றதாக நிரூபித்தால் சார்ஜ்பேக்கில் போன பணத்தைப் போலப் பத்து மடங்கு தருகிறோம் என்றது. ஃபாக்டோரியோ கேமைச் செய்த வூப் சாஃப்ட்வேர் முன்வந்து 321 கீகளின் பட்டியலைக் கொடுத்தது. அதில் 198 கீகள் தன் தளத்தில் விற்றவைதான் என்று 2020 மே மாதம் ஜி2ஏ-வே ஒப்புக்கொண்டு 39,600 டாலர் கட்டியது. கீ திருட்டு என்பதெல்லாம் சும்மா கிளப்பிவிடுவது என்று வாதம் செய்கிறவர்களிடம் நான் சொல்வது இந்த ஒரு கணக்கைத்தான்.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆனால் என்ன என்று நினைப்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். என்னிடம் ராம் வாங்க வரும் நாலு பசங்க ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஒரு கேம் செய்தார்கள். காட்பாடி வெயிலில் ரெண்டு பழைய பிசி ஓடும் ரூமில் ராத்திரி எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்; சூடாகி நின்றுபோகும் ப்ராசஸருக்கு பேஸ்ட் மாற்றிக் கொடுத்ததே நான்தான். ஸ்டீமில் கேம் போட 100 டாலர் கட்ட வேண்டும், நாலு பேரும் மெஸ் காசில் பிரித்துக் கட்டினார்கள். விலை 249 ரூபாய். வெளியான வாரமே மெயில் குவிந்தது. "உங்க கேம் சூப்பர், என் சேனலில் போடுகிறேன், எனக்கு ஒரு கீ, நண்பனுக்கு ஒன்று, பார்வையாளர்களுக்குப் பரிசாகக் கொடுக்க மூன்று." எல்லாமே பெரிய பெரிய யூடியூபர்களின் பெயரில். பசங்களுக்குத் தலைகால் புரியவில்லை, அள்ளி அனுப்பினார்கள்.

வீடியோ ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் கேம் மறுவிற்பனைத் தளத்தில் 80 ரூபாய்க்கு நின்றது. அதுவரை அவர்கள் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி கொடுத்ததில்லை, வேறு எந்தக் கடைக்கும் கீ கொடுத்ததில்லை. என் கம்ப்யூட்டரில் அந்த மெயில்களைத் திறந்து, ஒவ்வொரு முகவரியையும் அந்த யூடியூபரின் சேனலில் போட்டிருக்கும் முகவரியோடு வைத்துப் பார்த்தோம். ஒன்றில் நடுவில் ஒரு எழுத்து கூடுதல். இன்னொன்றில் சின்ன எல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண். கண்ணில் படவே படாது. நாலு பேரில் சின்னவன், வாணியம்பாடி பையன், ஸ்க்ரீனைப் பார்த்தபடி, "ஒரு கீ வித்த காசு கூட நமக்கு வரலையேண்ணா" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? தளத்துக்குப் புகார் அனுப்பினார்கள். எந்தெந்தக் கீ என்று பட்டியல் கொடுங்கள் என்று பதில் வந்தது. விற்கும்வரை கீயை யாருக்கும் காட்டுவதில்லை, எதைப் பார்த்துப் பட்டியல் கொடுப்பார்கள்?

கேம் செய்யும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால்: கீ கேட்டு மெயில் வந்தால் அந்த மெயிலுக்கே பதில் போடாதீர்கள். சேனல் பக்கத்துக்குப் போய் அங்கே இருக்கும் முகவரிக்கு நீங்களாக எழுதிக் கேளுங்கள். ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைக்கும் கியூரேட்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் ஸ்டீமுக்குள்ளேயே இருக்கும் கியூரேட்டர் கனெக்ட் வழியாகக் கொடுங்கள், அதில் விற்க முடிகிற கீ வெளியே போகாது.

மறுவிற்பனையில் வரும் கீ எல்லாமே திருட்டு என்று நான் சொல்லவில்லை. பல கேமை ஒன்றாகச் சேர்த்து விற்கும் பண்டிலில் வந்து மிஞ்சியது இருக்கும், விலை குறைவான நாட்டில் வாங்கியது இருக்கும். விலையை நாட்டுக்கு நாடு மாற்றி வைத்து, ஒரு நாட்டுக் கீ இன்னொரு நாட்டில் வேலை செய்யாதபடி பூட்டுப் போடுவதில் கம்பெனிகள் மேலும் தப்பு இருக்கிறது. 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் இதற்காக வால்வுக்கும் ஐந்து பப்ளிஷர்களுக்கும் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதம் போட்டது. காசு கொடுத்து வாங்கிய கேமை விளையாடி முடித்தபின் இன்னொருவருக்கு விற்கும் உரிமை வேண்டும் என்பதும் நியாயமான கேள்விதான். பிரான்சில் ஒரு நுகர்வோர் சங்கம் வால்வ் மேல் வழக்குப் போட்டு 2019-இல் ஜெயித்தது, 2022-இல் மேல்முறையீட்டில் தோற்றது. அந்த உரிமை வந்தால் முதலில் கை தட்டுகிறவன் நான். ஆனால் இந்தத் தளங்களில் நடப்பது அது இல்லை. விளையாடி முடித்த கேம் எதுவும் அங்கே விற்பனைக்கு வருவதில்லை.

இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் 200 ரூபாய்க்கு ஆஃப்லைன் அக்கவுன்ட் விற்பதைப் பற்றி எழுதவே தேவையில்லை. ஒரே அக்கவுன்ட்டை முப்பது பேருக்குக் கொடுக்கிறார்கள், யாராவது ஒருத்தன் பாஸ்வேர்டை மாற்றினால் முப்பது பேருக்கும் போச்சு.

நான் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது: ஸ்டீமில் ரூபாய் விலை இருக்கிறது, யுபிஐயில் கட்டலாம், பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்ப வரும். விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டு சேலுக்குக் காத்திருங்கள். கீயாகத்தான் வேண்டும் என்றால் ஹம்பிள், ஃபனாட்டிகல், கிரீன் மேன் கேமிங் மாதிரி பப்ளிஷரிடமே கீ வாங்கி விற்கும் கடைகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சாட்டில் கெஞ்சிக்கொண்டு நாளை ஓட்ட வேண்டாம். கார்டு கொடுத்த பேங்க்கில் உடனே டிஸ்பியூட், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார் போடுங்கள், 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகாரும் பதிவு செய்யுங்கள். கார்டு விவரமே திருடு போன மாதிரித் தெரிந்தால் சைபர் குற்றப் புகாருக்கான 1930.

நாமக்கல் பையனும் டிஸ்பியூட்தான் போட்டான். ஸ்க்ரீன்ஷாட், சாட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து என் கடையில் இருந்தே பேங்க்குக்கு அனுப்பினோம். கேமின் விலை திரும்ப வந்துவிட்டது, மார்க்அப்பும் ஜிஎஸ்டியும் வரவில்லை. பணம் வந்த கையோடு தளம் அவன் கணக்கை முடக்கிவிட்டது. அதே தளத்தில் அதற்கு முன் வாங்கிய இரண்டு கேம் இப்போதைக்கு லைப்ரரியில் இருக்கின்றன.