ஜெல் பேட், காற்று மெத்தை, குஷன் கடை: நீண்ட பயணத்துக்கு எந்த சீட்?

மதுரையிலிருந்து சென்னைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். என் 350 சிசி வண்டியில் முதல் தடவை அந்தத் தூரத்தை ஒரே நாளில் போனபோது திருச்சி வரை ஒரு தொந்தரவும் இல்லை. பெரம்பலூர் தாண்டியதும் ஆரம்பித்தது. முதலில் வலது பக்கம் மட்டும் ஒரு எரிச்சல், அப்புறம் இரண்டு பக்கமும். உளுந்தூர்பேட்டை வருவதற்குள் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து எழுந்து நின்று ஓட்டும் நிலை. விழுப்புரத்தில் டீக்கடை பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றபடியே குடித்தேன்.

அதற்குப் பிறகு நான்கு வருடங்களில், அதே வண்டியில், அதே 82 கிலோ உடம்போடு, மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஜெல் பேட், காற்று மெத்தை, குஷன் கடையில் சீட்டையே மாற்றிச் செய்வது. நண்பர் வண்டியில் கம்பெனி டூரிங் சீட்டிலும் போதுமான தூரம் போயிருக்கிறேன்.

ஒப்பிடும் முன் வலி எங்கே வருகிறது என்று பார்த்துவிடலாம். உட்காரும்போது நம் எடையின் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழே உள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. அந்த இரண்டு இடத்திலும் தசை நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, முதலில் மரத்துப்போகிறது, பிறகு எரிகிறது. சீட் மெத்தென்று இருந்தால் இது குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது வேறு. மெத்தென்ற ஃபோம் அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். அதன் பிறகு எலும்பு நேராக அடித்தட்டில்தான் உட்கார்ந்திருக்கும். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து சீட் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மூன்றாவது மணி நேரத்தில் அது எப்படி இருக்கும் என்பதை விரல் சொல்லாது.

நான் முதலில் வாங்கியது ஜெல் பேட். சீட்டின் மேல் பட்டையால் கட்டிக்கொள்ளும் வகை. ஐந்து நிமிடத்தில் மாட்டலாம், கழற்றலாம், வேறு வண்டிக்கும் போடலாம். சாலையில் வரும் சின்னச் சின்ன அதிர்வை நன்றாகவே வாங்கிக்கொள்கிறது. தினமும் 40, 50 கிலோமீட்டர் போகிறவருக்கு இது போதும். ஆனால் ஜெல்லுக்கு ஒரு குணம் உண்டு: வாங்கிய சூட்டை லேசில் விடாது. திண்டுக்கல் பக்கம் ஒரு மே மாத மதியம் சாப்பிட நிறுத்தி, வண்டியை வெயிலிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றித் துடைத்த பிறகுதான் உட்கார முடிந்தது. அதன் பிறகும் அரை மணி நேரம் அடியிலிருந்து சூடு ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டாவது குறை தடிமன். ஒரு அங்குலத்துக்கும் குறைவான ஜெல்லால் எடையைப் பரப்பித் தர முடிவதில்லை. எனக்கு இரண்டு மணி நேரத்தில் வந்த வலி மூன்று மணி நேரத்தில் வந்தது, அவ்வளவுதான் லாபம். ஜெல்லை ஃபோமுக்குள் பதித்து, மேலே அரை அங்குல ஃபோம் போட்டு மூடினால் சூடு குறையும். ஆனால் அதற்குக் குஷன் கடைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது காற்று மெத்தை. இந்த யோசனை வந்த இடம் சக்கர நாற்காலி. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் புண் வராமலிருக்கச் செய்த காற்றறை மெத்தைகளைத்தான் அமெரிக்காவின் ரோஹோ நிறுவனம் ஏர்ஹாக் என்ற பெயரில் பைக்குக்குக் கொண்டுவந்தது. அதே மாதிரியில் இந்தியாவிலும் இப்போது குறைந்த விலையில் கிடைக்கிறது. தனித்தனி அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், எலும்பு அழுத்தும் அறையிலிருந்து காற்று பக்கத்து அறைக்கு நகர்ந்து எடை பரவுகிறது. அறைகளுக்கு நடுவே காற்றும் கொஞ்சம் ஓடும், அதனால் வியர்வை தேங்குவதில்லை.

இதில் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். நன்றாக ஊதி, திம்மென்று வைத்துக்கொண்டு கிளம்பினேன். பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சரியான முறை என்னவென்றால், கொஞ்சம் ஊதி, வண்டியில் உட்கார்ந்துகொண்டு, வால்வைத் திறந்து மெதுவாகக் காற்றை விட வேண்டும். எலும்பு சீட்டைத் தொடுவதற்கு அரை அங்குலம் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். பார்த்தால் காற்றே இல்லாத மாதிரி தெரியும், அதுதான் அளவு. அப்படி வைத்துக்கொண்டு போனபோது விழுப்புரத்தில் நிதானமாக உட்கார்ந்தே டீ குடித்தேன்.

நான்கு வழிச்சாலையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். மலை ஏறினால் கதை மாறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியைச் சாய்க்கும்போதெல்லாம் இடுப்பு ஒரு கணம் தாமதமாகச் சாய்கிற உணர்வு. வண்டிக்கும் எனக்கும் நடுவே ஏதோ மிதந்துகொண்டே இருந்தது. கொடைக்கானலில் இன்னொன்றையும் கவனித்தேன். 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கீழே சரியாக வைத்த மெத்தை மேலே போனதும் தானாக விறைத்துக்கொள்கிறது. அங்கே கொஞ்சம் விட்டு, இறங்கியதும் மறுபடி ஊத வேண்டும். உயரமும் ஒரு அங்குலம்போல ஏறுகிறது. சிக்னலில் ஏற்கெனவே நுனிக்காலில் நிற்பவருக்கு இது ஒத்துவராது.

மூன்றாவது வழி குஷன் கடை. சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் ஒரு தெருவிலாவது இந்த வேலை தெரிந்த கை ஒன்று இருக்கும். நான் போன கடையில் அண்ணன், நான் கொண்டுபோன அதே மாடல் பழைய சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, தட்டை ஸ்க்ரூடிரைவரால் பின்களை நெம்பி நெம்பி எடுத்தார். ரெக்சினை உரித்ததும் உள்ளே இருந்த ஃபோமில் இரண்டு பள்ளங்கள், பழுத்த இலை நிறத்தில், அருகருகே. மழைத்தண்ணீர் இறங்கிய வாடையும் அடித்தது. பள்ளத்தில் விரலை வைத்து, “இதுதான் சார் ஆள் உக்காந்த இடம். மேல தொட்டா மெத்துனு இருக்கும், உக்காந்தா தகரம்தான்” என்றார்.

பள்ளமான பகுதியை ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, கீழே கெட்டியான ரீபாண்ட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டியது), மேலே கொஞ்சம் நெகிழ்வான ஃபோம் என்று இரண்டு அடுக்காக ஒட்டினார். சீட்டின் முன்பக்கச் சரிவுதான் என்னை டேங்க்கை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைத் தட்டையாக்கி, உட்காரும் இடத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலப்படுத்தி, தொடை வரும் இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து ஒல்லியாக்கினார். பிறகு ரெக்சின் போடாத வெறும் ஃபோமை வண்டியில் மாட்டி, “பத்து நிமிஷம் உக்காருங்க சார், போன் பாத்துக்கிட்டு இருங்க” என்றார். நான் இறங்கியதும் அமுங்கிய இடத்தைச் சாக்பீஸால் வரைந்து, மறுபடி தேய்த்தார். இந்தப் பத்து நிமிடத்தைத் தராத கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மூன்று மணி நேர வேலை, புது ரெக்சினோடு 1,800 ரூபாய். முதல் வாரம் பலகை மாதிரி கெட்டியாக இருந்தது, பயந்தேன். அதன் பிறகு படிந்துவிட்டது. இப்போது நான்கு மணி நேரம் வரை எனக்கு உடம்பைப் பற்றிய நினைப்பே வருவதில்லை, வளைவிலும் வண்டி என்னோடு ஒட்டியே வருகிறது. காற்று மெத்தை இந்த இரண்டாவதைத் தராது, ஜெல் பேட் முதலாவதைத் தராது.

குறை இல்லாமல் இல்லை. எல்லாம் கையைப் பொறுத்தது. “கொஞ்சம் சாஃப்டா போடுங்க” என்று மட்டும் சொன்னால், அப்படியே மெத்தென்ற ஃபோமைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள், எங்கே வலிக்கிறது, முன்னால் வழுக்குகிறதா என்று சொல்லுங்கள். தையல் உட்காரும் இடத்தில் வரக்கூடாது, வந்தால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். ரெக்சினுக்கு அடியில் ஒரு பாலித்தீன் ஷீட் போடச் சொல்லுங்கள். எவ்வளவு அகலம் வேண்டும் என்று தெரியவில்லையா? வீட்டில் அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் கெட்டியான ஸ்டூலில் வைத்து, முழங்கால் கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி ஒரு நிமிடம் உட்காருங்கள். இரண்டு குழி விழும். அந்தக் குழிகளுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஓரிரு விரல் அளவுக்காவது சீட் இருக்க வேண்டும்.

கம்பெனி டூரிங் சீட்டுக்கு வருவோம். ராயல் என்ஃபீல்டு போன்ற நிறுவனங்கள் தங்கள் வண்டிகளுக்கு இதைத் தனியாக விற்கின்றன. கச்சிதமாக உட்காரும், தையல் சுத்தம், அலைச்சல் இல்லை. நண்பரின் வண்டியில் தேனி, போடி வழியாக மூணாறு வரை நான் ஓட்டிப் போனேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. குஷன் கடையைவிட இரண்டு மூன்று மடங்கு செலவாகும், உங்கள் உடம்புக்கென்று செதுக்கியதாகவும் இருக்காது. பக்கத்தில் நல்ல கை இல்லாத ஊர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

மெமரி ஃபோம் வேண்டாம். நம் ஊர் வெயிலில் குழைந்துபோய் அடிவரை அமுங்கிவிடுகிறது. மணி கோர்த்த கவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. டாக்ஸி ஓட்டுநர்கள் காலங்காலமாகப் போடுவதுதான். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் தரும் அயர்ன் பட் அசோசியேஷன் ரைடர்களிடமும் இது பிரபலம். காற்று ஓடும், தண்ணீர் தேங்காது, விலையும் குறைவு. ஜீன்ஸ் சீக்கிரம் தேயும், கொஞ்சம் வழுக்கும்.

வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் தூரப் பயணம் போகிறவர் காற்று மெத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். மாதம் ஒரு முறையாவது போகிறவருக்குக் குஷன் கடைதான். பின்சீட்டுக்கு என் பதில் வேறு. என் மனைவிக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரும் இல்லை, பள்ளம் வருவதும் முன்கூட்டித் தெரியாது. அதனால் பின்னால் எப்போதும் காற்று மெத்தைதான். முன்னால் செதுக்கிய சீட், பின்னால் காற்று என்று போன டிசம்பரில் கன்னியாகுமரி போய் வந்தோம். கயத்தாறில் நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, “திருநெல்வேலியிலேயே நிறுத்திக்கலாம்” என்றாள்.

குஷன் கடைக்குப் போவதாக முடிவு செய்தால், ஒரிஜினல் சீட்டை மட்டும் வெட்டக் கொடுக்காதீர்கள். பழைய இரும்புக் கடையிலோ, சீட் மாற்றிய வேறொருவரிடமோ அதே மாடலின் பழைய சீட் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ரெக்சின் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அடித்தட்டும் கொக்கியும் சரியாக இருந்தால் போதும். நான் அப்படித்தான் செய்தேன். கம்பெனி சீட் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் இருக்கிறது, வண்டியை விற்கும் நாளில் எடுத்து மாட்டுவதற்கு.