நீச்சல் குளத்துக் கார்பார்க்கில் யார் எவ்வளவு நேரம் நிற்கலாம்?

சனிக்கிழமை காலை, சிங்கப்பூரில் எங்கள் வட்டார நீச்சல் வளாகம். மகளின் வகுப்பு பாதியில் இருக்கும்போதே உயிர்காப்பாளர் விசில் அடித்துவிட்டார். மின்னல் எச்சரிக்கை. தண்ணீரில் இருந்த அத்தனை பேரும் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். மழை ஒரு சொட்டு இல்லை, தூரத்தில் உறுமல் மட்டும். பக்கத்தில் ஓர் அண்ணன், வாரம் தவறாமல் நாற்பது சுற்று அடிப்பவர், நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, அவசரமா?”

“அவசரம் இல்ல தம்பி. வெளிய கார்பார்க் கட்டணம் ஓடிக்கிட்டு இருக்கு.”

அப்புறம் கொட்டித் தீர்த்தார். காலையில் மூன்று தடவை வட்டமடித்தும் லாட் (ஒரு கார் நிற்கும் இடம்) கிடைக்கவில்லையாம். நிற்கிற கார்களில் பாதி, குளத்துப் பக்கமே வராதவர்களுடையது என்பது அவர் கட்சி. “ரெண்டு மணி நேரம்னு ஒரு கெடு வைக்கணும். தாண்டினா சம்மன், அபராதம். அப்பத்தான் அடங்குவாங்க” என்றார். அன்று அவரே எத்தனை மணிக்குக் காரை எடுத்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பாதி என்பது மிகை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் நானும் ஒரு நாள் அவர்களில் ஒருவன். பக்கத்துக் கோயிலில் கல்யாணம், கோயில் வாசலில் இடமில்லை. குளத்துக் கார்பார்க்கில் காரை விட்டுவிட்டு, தாலி கட்டு, பந்தி, தாம்பூலப் பை எல்லாம் முடித்து நான்கு மணி நேரம் கழித்து வந்து எடுத்தேன். 4 வெள்ளி 80 காசு. அந்த நான்கு மணி நேரத்தில் எத்தனை பேர் நீச்சலுடையோடு வட்டமடித்தார்களோ!

பொதுமக்கள் விளையாடவும் ஓய்வெடுக்கவும் கட்டிய இடத்தின் நிறுத்துமிடத்தை, அதற்காக வருகிறவர்களுக்கே கிடைக்கச் செய்வது எப்படி? நேரக் கெடு, நிமிடக் கட்டணம், நேரம் ஏற ஏற ஏறும் கட்டணம், நுழைவோடு இணைத்த சலுகை என்று நான்கு வழிகள் பேசப்படுகின்றன. நான்கையும் ஒரே கேள்வியில் உரசிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. எத்தனை மணி நேரம் விடுகிறார்கள் என்பதை விட்டுவிடுங்கள். அந்த நேரம் முடிந்த அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது?

கெடு வைத்தால்

இது ரொம்பப் பழைய வழி. உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் வைத்தார்கள். கடைத்தெருவில் ஒரே ஆள் நாள் முழுக்க இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம். மீட்டர் இல்லாத தெருக்களில் அதிகாரி டயரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்போது கோடு அதே இடத்தில் இருந்தால் அபராதம். அந்தக் கோட்டுக்கும் ஒரு வழக்கு வந்தது. மிச்சிகனின் சாகினாவ் நகரில் ஒரு பெண் தொடுத்த வழக்கில், அனுமதியில்லாமல் டயரில் கோடு போடுவது அரசியலமைப்பு தடுக்கும் ‘சோதனை’ என்ற கணக்கில் வரும் என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் ஊரில் சாக்பீஸ் வேலை இல்லை. நமக்கு வாய்த்தது கூப்பன், காருக்குள் வைத்துவிட்டுப் போகும் காகிதச் சீட்டு. அதில் பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரண்டு மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் அரை மணிக்கான 60 காசுக் கூப்பன் நான்கு. ஒவ்வொன்றிலும் மாதம், தேதி, மணி, நிமிடம் என்று காதுகளைக் கிழிக்க வேண்டும், அடுத்தடுத்த கூப்பனில் அரை மணி தள்ளித் தள்ளிக் கிழிக்க வேண்டும். பின்னிருக்கையில் பிள்ளை “அப்பா, லேட்டாச்சு” என்று உதைக்கும். அவசரத்தில் 9க்குப் பதில் 10ஐக் கிழித்துவிட்டால் கூப்பன் பாழ். கிழித்த துணுக்குகள் இருக்கைக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும். இத்தனையும் முடித்துக் குளத்தில் இறங்கினால், சம்மன் ஆன்ட்டி வந்திருப்பாரோ என்ற நினைப்பிலேயே பாதி நீச்சல் போய்விடும்.

2017 அக்டோபரில், கைப்பேசியிலேயே நிறுத்தக் கட்டணம் கட்டும் பார்க்கிங் டாட் எஸ்ஜி செயலி வந்து அந்தப் பதற்றத்தை முக்கால்வாசி தீர்த்தது. துண்டில் கை துடைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே நேரத்தை நீட்டலாம். முன்னதாகக் கிளம்பினால் மிச்சக் காசு திரும்பி வரும். என்னைக் கேட்டால், கட்டண விகிதத்தைக் காட்டிலும் இந்த ஒரு மாற்றம்தான் பெரிது. நேரம் முடிந்தால் குற்றம் என்றிருந்தது, நேரம் முடிந்தால் இன்னும் கொஞ்சம் காசு என்று மாறியது.

கேட் போட்ட நிறுத்துமிடத்தில் கெடு இன்னும் வேடிக்கை. கார் எப்போது உள்ளே வந்தது என்பது கருவிக்குத் தெரியும். சரி, இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது, கேட் என்ன செய்யும்? ‘உன்னை வெளியே விட மாட்டேன்’ என்று சொல்லுமா? சொன்னால் அந்த லாட் இன்னும் காலியாகாது. கூடுதலாகப் பணம் பிடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியே இல்லை. ஆக, கேட் உள்ள இடத்தில் கெடு என்பது வேஷம் போட்ட கட்டணம். 119 நிமிடம் வரை ஒரு தொகை, 121ஆவது நிமிடத்தில் தலையில் குட்டு.

அந்தக் குட்டு வாங்குபவர் யார் என்றும் பார்க்க வேண்டும். இடி மின்னல் இங்கே ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் உச்சம். நாற்பது நிமிடம் கூரைக்கடியில் உட்கார வைத்தது வானம், அபராதம் கட்டுவது நீச்சல்காரர். காரை விட்டுவிட்டு ரயில் பிடித்துப் போனவருக்கோ கெடு முன்கூட்டியே தெரியும், அவர் வேறு நிறுத்துமிடம் பார்த்துக்கொள்வார். அண்ணன் விரட்ட நினைத்தது அவரை, மாட்டுவது குளத்துக்கு வந்தவர்.

இப்போது இருப்பது

மத்திய வட்டாரத்துக்கு வெளியே அரை மணிக்கு 60 காசு, அதாவது நிமிடத்துக்கு 2 காசு. 2016 டிசம்பரில்தான் 50 காசிலிருந்து 60 ஆனது. நிமிடக் கணக்கு என்பதால் நியாயம், யாருக்கும் கோபம் வராது. அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்றால், ஒன்றும் நடப்பதில்லை, இன்னொரு 2 காசு.

இதன் பலமும் பலவீனமும் அதுதான். முதல் மணியும் ஒன்பதாவது மணியும் ஒரே விலை. காலை 9 மணிக்கு விட்டு மாலை 6க்கு எடுப்பவர் கட்டுவது 10 வெள்ளி 80 காசு. மத்திய வட்டாரத்தில் வார நாள் பகலில் அரை மணிக்கு 1 வெள்ளி 20 காசு. அதே ஒன்பது மணி நேரம் அங்கே 20 வெள்ளி 40 காசு ஆகிறது, மாலை 5க்குப் பிறகு விலை இறங்குவதையும் சேர்த்து. குளத்தில் காரை விட்டுவிட்டு நகருக்கு ரயிலில் போனால், ரயில் கட்டணம் போகவும் மிச்சம் பிடிக்கலாம். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள குளத்துக்கு இதனால்தான் ஆபத்து.

இதில் ஒரு முரண் உண்டு. காரை வெளியே விட்டுவிட்டு நகருக்குள் பொதுப் போக்குவரத்தில் வா என்று கெஞ்சியது அரசாங்கம்தான். 1975இல் நகருக்குள் நுழைய உரிமம் வைத்தபோது எல்லையோரம் நிறுத்துமிடங்கள் கட்டி, சிறப்புப் பேருந்தும் விட்டார்கள். யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. பின்னாளில் வந்த ‘பார்க் அண்ட் ரைட்’ திட்டமும் 2016 டிசம்பரோடு நின்றது. கெஞ்சியபோது வராதவர்கள், தங்கள் கணக்கு ஒத்துவந்தால் நீச்சல் குளத்திலிருந்தே கிளம்பிவிடுகிறார்கள்.

இலவசமாக விடுவதைப் பற்றி ஒரே வரி. சில வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நிறுத்துமிடங்களில் ஞாயிறும் பொது விடுமுறையும் இலவசம், சொந்தபந்தங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். குளத்து வாசலில் அதையே செய்தால் காலை 8 மணிக்கே எல்லா லாட்டும் நிரம்பிவிடும்.

ஏறும் கட்டணம்

அமெரிக்கப் பேராசிரியர் டோனால்ட் ஷூப் ஆயுள் முழுக்கச் சொன்னது இதுதான்: எப்போதும் ஓரிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்கு விலையை வை, மற்றதை விலையே பார்த்துக்கொள்ளும். சான் பிரான்சிஸ்கோவில் 2011இல் அதைச் செய்து பார்த்தார்கள். தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் விலை மாறியது. எனக்குப் பிடித்த விஷயம், விலையை மாற்றிய அதே கையோடு ஒரு மணி, இரண்டு மணிக் கெடுக்களைப் பல இடங்களில் நான்கு மணியாகத் தளர்த்திவிட்டார்கள். விலை வேலை செய்தால் கெடுவுக்கு வேலை இல்லை.

இங்கேயும் இது புதிதல்ல. சில வீவக நிறுத்துமிடங்களில் நெரிசல் நேரத்துக்கு அரை மணிக்கு 80 காசு வாங்குகிறார்கள். கடைத்தொகுதிகளில் முதல் மணிக்கு ஒன்று, அடுத்த அரை மணிகளுக்கு வேறொன்று என்பது எல்லாருக்கும் பழக்கம்.

குளத்துக்கு நான் போடும் கணக்கு: முதல் மூன்று மணி நேரம் இன்றுள்ள 60 காசு. அதற்கு மேல் அரை மணிக்கு 1 வெள்ளி 20 காசு. இரண்டு மணி நேர நீச்சல்காரர் கட்டுவது அதே 2 வெள்ளி 40 காசு, மின்னலில் மாட்டினாலும் மூன்று மணிக்குள் முடிந்துவிடும். ஒன்பது மணி நேரக்காரருக்கு 10.80 என்பது 18 வெள்ளி ஆகும். கல்யாணத்துக்குப் போன எனக்கு 4.80க்குப் பதில் 6 வெள்ளி. அதுவும் சரிதான், கட்டியிருப்பேன்.

ஓட்டை ஒன்று உண்டு. மூன்று மணி முடியும் முன் வெளியே போய் ஒரு வட்டமடித்து உள்ளே வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிடும். ஒரே வண்டி ஒரே நாளில் திரும்பி வந்தால் பழைய நேரத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி கருவிக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நுழைவோடு இணைத்தால்

கேட்க அழகாக இருக்கும். அரசாங்க விளையாட்டு வளாகங்களுக்கான ஆக்டிவ்எஸ்ஜி செயலியைக் குளத்து வாசலில் காட்டினால் நிறுத்தக் கட்டணத்தில் கழிவு. உண்மையான பயனாளியைச் சரியாக அடையாளம் காட்டும் ஒரே வழி இது. நடைமுறையில் உதைக்கும். பேரனைக் கூட்டிவந்து வெளியே பெஞ்சில் காத்திருக்கும் தாத்தா நுழைவே எடுப்பதில்லை, அவருக்குக் கழிவு இல்லை. மறுபக்கம், 65 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கு நுழைவு இலவசம். ஒரு தடவை காட்டிவிட்டு வெளியே நடந்தால் கழிவு கையில். நுழைவுச் சீட்டைவிடக் கழிவு பெரிதாகிவிட்டால், கார் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் அப்படிச் செய்ய மாட்டோம் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. பேருந்தில் வரும் நீச்சல்காரருக்கு என்ன கழிவு? 2018 ஆகஸ்டிலிருந்து பள்ளிக்கூட வளாகத்தில் கார் நிறுத்த ஆசிரியர்களே கட்டணம் கட்டுகிறார்கள். அந்த ஊரில் குளிக்க வருகிறவருக்கு மட்டும் சலுகை கேட்பது கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஈஸ்ட் கோஸ்ட் வேறு கதை

குளத்துக்குச் சொன்னதைக் கடற்கரைப் பூங்காவுக்குச் சொல்ல முடியாது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிக்யூ என்றால் நம் வீட்டில் எப்படி நடக்கும்? மதியம் 2 மணிக்கு மாமா போய் இடத்தைப் பார்ப்பார், மசாலா தடவிய கோழி ஐஸ்பெட்டியில் வரும், கரி பற்றவே ஐந்தாகும், சித்தப்பா குடும்பம் ஏழுக்கு வரும், கிளம்பும்போது பத்து. எட்டு மணி நேரம், 9 வெள்ளி 60 காசு. என் ஏறும் கட்டணத்தில் இது 15 வெள்ளி 60 காசு. அந்தக் குடும்பம் இடத்தைத் திருடவில்லை; பூங்கா இருப்பதே அவர்களுக்காகத்தான். இரவு 10.30க்கு மேல் காலை 7 வரை 5 வெள்ளிதான் உச்சம் என்பதும், விடியும்வரை தூண்டில் போடும் ஆட்களுக்கு நல்ல ஏற்பாடு.

ஆகவே கடற்கரைக்கு இன்றுள்ள நிமிடக் கட்டணமே போதும் என்பேன். ஒரு சந்தேகம் மட்டும். 2024 ஜூன் 23இல் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் மரின் பரேட், சிக்லாப் நிலையங்கள் திறந்துவிட்டன. காரில்லாமல் கடற்கரைக்குப் போக இது நல்ல வழி. அதே பாதை நேராக, நகரின் அலுவலகப் பகுதியான ஷெண்டன் வேக்கும் போகிறது. வார நாள் காலையில் அங்கே காரை விட்டுப் போகும் எண்ணம் யாருக்காவது வரத்தான் செய்யும். அப்படி நிரம்பத் தொடங்கினால், வார நாள் பகலுக்கு மட்டும் ஏறும் கட்டணம் வைக்கலாம். வார இறுதியைத் தொட வேண்டாம்.

சரி, அண்ணன் கதைக்கு வருவோம். மின்னல் எச்சரிக்கை நீங்கியதும் அவர் குதித்தார், விட்ட சுற்றுகளையும் சேர்த்து அடித்தார். மகளைத் துவட்டி நான் கிளம்பியபோது கேட்டில் எனக்கு முன்னால் அவர் கார். கண்ணாடியை இறக்கி, “எவ்வளவுண்ணே?” என்றேன்.

“ரெண்டு எம்பது.”

வகுத்துப் பார்த்தேன். 140 நிமிடம். அவர் கேட்ட கெடுவை இருபது நிமிடம் தாண்டியிருந்தார். நான் அதைச் சொல்லவில்லை. பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார், எங்கள் லாட்டுக்காக இன்னொருவர் சிக்னல் போட்டுக் காத்திருந்தார்.