சாயப்பட்டறைக் கணக்கும் என் நிரல் துணையும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று துணி பல கைகள் மாறும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான் உண்டு. அந்தச் சலான்களைக் கோத்துக் கணக்காக்குவதுதான் என் வேலை.

2022 ஜூனில், நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான கிட்ஹப் கோபைலட் பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததும் சந்தா கட்டினேன். பாதி வரி அடித்தால் மீதியை நிரப்பித் தந்தது. இப்போது கையில் இருப்பது வேறொரு கருவி. தமிழில் வேலையைச் சொன்னால் கோப்புகளைத் தானே திறந்து திருத்திச் சோதனையும் ஓட்டிவிடுகிறது. சலான் அச்சிடுவது, எக்செல் கோப்பை உள்ளே ஏற்றுவது போன்ற இரண்டு நாள் வேலைகள் மதியச் சாப்பாட்டுக்குள் முடிகின்றன. இதில் எனக்குக் குறையே இல்லை.

சென்ற ஆண்டு ஜாப் ஒர்க் (வெளிப் பட்டறைக்குக் கூலி வேலைக்கு அனுப்பும் துணி) இருப்புக் கணக்கை அதனிடம் கொடுத்தேன். அனுப்பிய எடையில் திரும்பிய எடையைக் கழித்து, மீதியைச் சாயப்பட்டறையின் பாக்கியாகக் காட்டியது. நிரல் சுத்தமாக இருந்தது. அது எழுதிய சோதனைகளும் தேறின. நானும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டேன். துணிப் பிரிவில் இருபது ஆண்டு இருக்கும் மேற்பார்வையாளர் திரையைப் பார்த்ததும் கேட்டார்: "ஏனுங்க தம்பி, 500 கிலோ போனால் 500 கிலோவா திரும்பி வரும்?"

வெளுக்கும்போது பருத்தியின் மெழுகும் அழுக்கும் கழன்று எடை குறையும். அடர் நிறத்தில் சாயம் ஏறுவதால் இழப்பு சற்றுக் குறைவு, வெள்ளைக்கு அதிகம். நான் இதைக் கருவியிடம் சொல்லவே இல்லை. அன்று மாலை சொன்னேன்; பத்தே நிமிடத்தில் சரியாக எழுதிவிட்டது. அவர் பார்க்காமல் போயிருந்தால், தவறே செய்யாத பட்டறையின் பில் நின்றிருக்கும்.

கருவி தரும் நிரலைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே ஏற்கும் முறைக்கு, 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆண்ட்ரே கார்பதி 'வைப் கோடிங்' என்று பெயர் சூட்டியபோதுகூட, வார இறுதியில் எழுதித் தூக்கிப்போடும் வேலைகளுக்கு அது மோசமில்லை என்றுதான் சொன்னார். கூலியும் பாக்கியும் ஓடும் மென்பொருளில் அதற்கு இடம் தரவே கூடாது.

இப்போது எந்த வேலைக்கும் முன்னால், அந்தத் துறை ஆட்களிடம் கேட்டு ஒரு பக்கம் தமிழில் எழுதிக்கொள்கிறேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது, நிரலுக்கு அரை மணி நேரம். முன்பெல்லாம் நேர்மாறு. சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். பல்லடத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணை மட்டும் இன்னும் கணினி முன் உட்கார வைக்கவில்லை. முதல் வாரம் முழுக்கச் சாயப்பட்டறையில், எடை போடும் இடத்தில், ஒரு நோட்டுடன் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.