லாரிப் பயிற்சியில் நொந்துபோனவர்களே, மறுபடி பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கனரக வாகனப் பயிற்சிக்குப் பணம் கட்டி, பாதியிலேயே மனம் விட்டுப்போய் வெளியே வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன்தான். பள்ளியின் பெயரைப் போடப் போவதில்லை. இதே மாதிரி நடத்துகிறவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி ஏய்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

சேரும்போது வாய் நிறையச் சொன்னார்கள். தினமும் ஸ்டியரிங்கில் உட்காரலாம், ட்ரைலர் வரைக்கும் கற்றுத் தருவோம், லைசென்ஸ் கைக்கு வந்ததும் வேலை தயார். முழுத் தொகையையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் பார்த்தால் இருப்பது ஒரே வண்டி, அதற்கு நாங்கள் ஒரு கூட்டம். ஒருவர் ஓட்டுவார், மற்றவர்கள் கேபினுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த நேரமும் எங்கள் பயிற்சி நேரமாகவே பதிவேட்டில் ஏறியது. வண்டி பட்டறையில் கிடந்த நாட்களுக்கு ஈடாக வகுப்பு தரவில்லை. சில நாட்கள் பயிற்சி என்ற பெயரில் சரக்கு இறக்க வைத்தார்கள்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. பயிற்சியாளர் செய்ததுதான் பெரிய கெடுதல். எங்கள் வண்டியின் கியர்பாக்ஸ் பழைய வகை, கியர்களின் வேகத்தைத் தானாகவே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ அதில் கிடையாது. அதில் கியரைக் குறைக்க வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி, மறுபடி கிளட்ச் மிதித்துத்தான் கீழ் கியரைப் போட வேண்டும். எஞ்சின் வேகமும் கியர் வேகமும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் காரணம். இதை அவர் ஒருமுறைகூடச் சொல்லித் தரவில்லை. கியர் கறகறவென்று அரைபட்டால் கையில் அடிப்பார். "உனக்கெல்லாம் சைக்கிளே அதிகம்டா" என்பார். எல்லார் முன்னாலும் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினால் கால் நடுங்காமல் என்ன செய்யும்? என்னோடு சேர்ந்த பலர் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன். பல மாதங்கள் லாரி ஓட்டும் நினைப்பையே விட்டுவிட்டேன்.

பிறகு எனக்குத் தெரிந்த மூத்த ஓட்டுநர் ஒருவர், ஆள் நடமாட்டம் இல்லாத யார்டில் ட்ரைலரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தந்தார். "தம்பி, கையை ஸ்டியரிங்கோட அடியில வை. ட்ரைலரோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்து. கொஞ்சமாத் திருப்பு, மெதுவாப் போ. ரொம்ப மடங்கிடுச்சுன்னா முன்னால எடுத்து நேராக்கிக்கோ. சந்தேகம் வந்தா இறங்கிப் பார்த்துட்டு ஏறு." அவ்வளவுதான் சொன்னார். பள்ளியில் மாதக்கணக்கில் வராத ரிவர்ஸ், அன்று மாலைக்குள் வந்துவிட்டது. சொல்லித் தராத ஒன்று நமக்கு வரவில்லை என்றால், அதை வைத்து நமக்குத் தகுதி இல்லை என்று யாரும் முடிவு கட்ட முடியாது. எனக்கு அதில் இப்போது சந்தேகமே இல்லை.

அதனால் மறுபடி முயன்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பணத்தை எடுக்கும் முன் ஒரு வகுப்பையாவது நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஒருவருக்கு ஸ்டியரிங்கில் எத்தனை மணி நேரம் என்று கேட்டு, அதை எழுதி வாங்குங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். லைசென்ஸுக்கு நூறு சதவீதம் கேரண்டி என்று சொல்லும் இடமும் வேண்டாம்; தேர்வு வைப்பது அவர்கள் இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில்தான் பயிற்சி என்றால், மேனுவல் வண்டிக்கும் அந்த லைசென்ஸ் செல்லுமா என்று விசாரியுங்கள். சில நாடுகளில் செல்லாது.

காலையில் வண்டியை எடுக்கும் முன் என்னென்ன பார்ப்பார்கள் என்று கட்டாயம் கவனியுங்கள். எங்களுக்கு டயரைத் தட்டிப் பார்க்கக்கூடச் சொல்லித் தரவில்லை. லாரிகளில் இருக்கும், காற்றால் இயங்கும் ஏர் பிரேக்கில் காற்றழுத்தம்தான் உயிர். பல வண்டிகளில் அது 60 பி.எஸ்.ஐ. வாக்கில் இறங்கும்போது எச்சரிக்கை விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும். இன்னும் இறங்கினால், காற்று இல்லாதபோது ஸ்பிரிங் விசையால் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். இது தெரியாதவரை நெடுஞ்சாலைக்கு அனுப்புவது கொலைக்குச் சமம். மலை இறக்கமும் அப்படித்தான். இறங்கத் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சக்கரத்தில் உள்ள பிரேக் டிரம் சூடேறி, கடைசியில் பிரேக் பிடிக்காது. லோடு வண்டி ஓட்டத் தருவார்களா என்றும் கேளுங்கள். காலி வண்டிதான் சீக்கிரம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த பிரேக்குகள் முழு எடைக்காக அமைக்கப்பட்டவை. காலியாக இருக்கும்போது ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்காமல் இது பிடிபடாது.

இலவசப் பயிற்சி, பிறகு எங்களிடமே வேலை என்று வரும் ஒப்பந்தங்களை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரி எங்கோ உள்ளே இருக்கும். நின்று படிக்க விடாமல் கையெழுத்துக்கு அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிலருக்கு இந்த வேலை வேண்டாம் என்றும் சொல்லத்தான் வேண்டும். பகலில் கண் சொக்குகிற தூக்கக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். வாரக்கணக்கில் வீட்டை விட்டுத் தனியாக இருக்க முடியாதவருக்கு, எவ்வளவு நல்ல பயிற்சி கிடைத்தாலும் தொலைதூர ஓட்டம் ஒத்துவராது. அவர்கள் உள்ளூர் ஓட்டத்தைப் பார்க்கலாம்.

நான் வேறொரு பள்ளியில் சேர்ந்துவிட்டேன். முதல் தவணை மட்டும்தான் கட்டியிருக்கிறேன். மீதியை வண்டி ஓட்டிய மணிக்கணக்கைப் பார்த்துத் தருவதாகப் பேச்சு, எழுத்தில் இருக்கிறது. பழைய பள்ளியிடம் நடக்காத வகுப்புகளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு, ரசீது நகலோடு கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் புகார்தான். உங்களிடமும் ரசீது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.