எல்இடிக்கு 220 ஓமா, 1 கிலோ ஓமா?

5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி ஒன்றை 5 வோல்ட்டில் எரிய விட வேண்டும். பெட்டியில் இருப்பது 220 ஓம், 1 கிலோ ஓம் என்ற இரண்டு ரெசிஸ்டர்கள்தான் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடைகள்). எதைப் போடுவது?

சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட் ரெசிஸ்டர் தலையில். 3-ஐ 220-ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர். நல்ல வெளிச்சம், 20 என்ற வழக்கமான வரம்புக்கும் உள்ளே. 1 கிலோ ஓமில் வெறும் 3 மில்லி ஆம்பியர். மங்கலாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இன்றைய எல்இடிகளுக்கு அதுவே போதும். இரவில் கட்டில் பக்கத்தில் எரியும் விளக்கென்றால் அதுகூடக் கண்ணைக் கூசும்!

சரி, அதே சர்க்யூட்டை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால்? இங்கேதான் 220 கவிழ்கிறது. 10 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் 45 மில்லி ஆம்பியர். எல்இடி சீக்கிரமே செத்துவிடும். ரெசிஸ்டரும் கிட்டத்தட்ட அரை வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கும்; சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் கருகும். 1 கிலோ ஓமிலோ 10 மில்லி ஆம்பியர், 0.1 வாட். கவலையில்லை.

நீலம், வெள்ளை எல்இடிகள் சுமார் 3 வோல்ட் கேட்கும். அதனால் 5 வோல்ட்டில் அவற்றுக்கு 220 தாராளமாகப் போடலாம். மின்னழுத்தம் எவ்வளவென்று தெரியாத அடாப்டர் என்றால், என் கை முதலில் போவது பழுப்பு, கறுப்பு, சிவப்புப் பட்டை போட்ட 1 கிலோ ஓமுக்குத்தான்.