எம்.ஐ.டி.யின் ஜி.எஸ்.சி.: ஆய்வு மாணவர் மன்றம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சார்ல்ஸ் ஆற்றங்கரையில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் இளநிலை மாணவர்களைவிட முதுநிலை மாணவர்களும் முனைவர் பட்ட மாணவர்களுமே எண்ணிக்கையில் மிகுதி. இளநிலையில் ஏறத்தாழ 4,500 பேர் பயில்கிறார்கள். அதற்கு மேற்பட்ட படிப்புகளில் இருப்பவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். இந்த 7,000 பேரில் ஐந்தில் இருவர் அளவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆய்வு மாணவர் என்று நான் இங்கே குறிப்பிடும் இந்த 7,000 பேர் அனைவருக்காகவும் 1953இல் தொடங்கப்பட்ட மன்றம்தான் கிராஜுவேட் ஸ்டூடன்ட் கவுன்சில். வளாகத்தில் எல்லோரும் அதை ஜி.எஸ்.சி. என்றே அழைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து அங்கே சேர்க்கை பெறும் மாணவர்கள் துறையைப் பற்றியும் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான நெறியாளரைப் பற்றியும் உதவித்தொகையைப் பற்றியும் மூத்தவர்களிடம் துருவித் துருவி விசாரிப்பார்கள். மாணவர் மன்றத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அங்கே பயின்ற காலத்தில் இம்மன்றத்தின் சேவைகளைப் பயன்படுத்தியவன் என்ற முறையில், அதைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மன்றத்தின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு துறையும் ஆய்வு மாணவர் விடுதிகளும் தத்தம் பிரதிநிதிகளை அனுப்புகின்றன. மாதந்தோறும் பொதுக்குழு கூடுகிறது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் ஓராண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கல்வி, வீட்டுவசதி, நிகழ்ச்சிகள், வெளிவிவகாரம் எனத் தனித்தனிக் குழுக்கள் உண்டு. பேராசிரியர்களின் நிலைக்குழுக்களில் அமரும் மாணவ உறுப்பினர்களை முன்மொழிவதும் மன்றத்தின் பொறுப்பே. நம் ஊர்க் கல்லூரிகளில் மாணவர் பேரவை என்றவுடன் நினைவுக்கு வரும் கட்சிக் கொடிகளும் சுவரொட்டிகளும் இங்கே இல்லை. பதவிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பகலில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துவிட்டு மாலையில் மன்றப் பணிக்கு வருபவர்கள்.

இம்மன்றத்தின் மிகச் சிறந்த பணி எது என்று கேட்டால், வாழ்க்கைச் செலவுக் கணக்கு என்பேன். முனைவர் பட்ட மாணவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது என்றும் மாதந்தோறும் உதவித்தொகை வரும் என்றும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பெற்றோர் மகிழ்வதும் உண்டு. ஆனால் கேம்பிரிட்ஜில் அந்தத் தொகையின் பெரும்பகுதியை வாடகை விழுங்கிவிடுகிறது. அந்நகரத்தில் இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1994இல் மாநில அளவில் நடந்த வாக்கெடுப்பால் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு வளாகத்தை ஒட்டிய கெண்டல் சதுக்கத்தில் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் குவிந்தன. அந்நிறுவனங்களின் ஊழியர்கள் தேடும் அதே வீடுகளைத்தான் ஆய்வு மாணவரும் தேடவேண்டியிருக்கிறது. இந்த நெருக்கடியை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே தம் நெறியாளரிடம் முறையிட்டிருந்தால் அது அவரவர் சொந்தக் கஷ்டமாகவே முடிந்திருக்கும். மன்றத்தின் வீட்டுவசதிக் குழுவோ மாணவர்களிடம் கணக்கெடுப்பு நடத்தி, வாடகை, உணவு, போக்குவரத்து, மருத்துவம் என்று செலவுகளைப் பிரித்துத் தொகுத்து, உதவித்தொகை எவ்வளவு உயரவேண்டும் என்ற பரிந்துரையை நிர்வாகத்தின் முன் ஆண்டுதோறும் வைத்துவந்தது. பொறியாளர்களும் பொருளியலாளர்களும் நிறைந்த ஒரு நிறுவனத்தில் உணர்ச்சிகரமான கோரிக்கையைவிட அட்டவணைக்கு மதிப்பு அதிகம் என்பதை அக்குழுவினர் நன்கு புரிந்துவைத்திருந்தார்கள். நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எதுவும் இல்லாத ஓர் அமைப்பு, தன் எண்களின் நம்பகத்தன்மையால் மட்டுமே செவிசாய்க்க வைத்தது என்பது எளிய சாதனை அன்று.

அதன் எல்லையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பரிந்துரை பரிந்துரைதான், ஏற்பதும் குறைப்பதும் நிர்வாகத்தின் விருப்பம். அது போதாது என்று கருதிய மாணவர்கள் தொழிற்சங்கம் அமைக்க முனைந்து, 2022 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் 1,785க்கு 912 என்ற வாக்குகளில் வென்று, 2023இல் தங்கள் முதல் ஒப்பந்தத்தையும் பெற்றார்கள். ஆய்வு உதவியாளர்கள், கற்பித்தல் உதவியாளர்கள் ஆகியோரின் ஊதியத்தைப் பற்றிச் சட்டப்படி பேரம் பேசும் உரிமை இப்போது அச்சங்கத்திடமே இருக்கிறது. அப்படியானால் மன்றம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. சொந்தப் பணத்தில் முதுநிலை பயில்பவரும், எந்த வேலைப் பொறுப்பும் இன்றி ஆய்வு ஊக்கத்தொகை மட்டும் பெறுபவரும் தொழிற்சங்கத்தின் பேர வரம்புக்குள் வருவதில்லை. வளாகத்தின் ஆய்வு மாணவர் அனைவரையும் விதிவிலக்கின்றி உறுப்பினராகக் கொண்ட அமைப்பு மன்றம் ஒன்றே. ஊதியமும் பணி நிபந்தனைகளும் சங்கத்தின் களம் என்றால், பாடத்திட்டம், விடுதி, நெறியாளர் உறவு, மாணவர் குழுக்கள், புதியவர்களை வரவேற்பது போன்றவை மன்றத்தின் களம். இரண்டும் ஒன்றையொன்று இடறாமல் இயங்கவேண்டும் என்பதே என் விருப்பம். புதிய மாணவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியதும் எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான்.

நெறியாளர் உறவு என்று குறிப்பிட்டேன். அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆய்வு மாணவரின் கல்வி வாழ்க்கை முழுவதும் அந்த ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறது. பல துறைகளில் மாணவரின் உதவித்தொகை நெறியாளர் பெற்ற ஆய்வு நிதியிலிருந்தே வருகிறது. உறவு கசந்தால் ஆய்வு நிற்பதோடு வருமானமும் நிற்கிறது; வெளிநாட்டு மாணவராக இருந்தால், படிப்பில் தொடர்ந்து பதிவு பெற்றிருப்பதைச் சார்ந்தே விசாவும் இருப்பதால், நாட்டில் தங்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகிறது. இக்காரணத்தால் கடுமையான நடத்தையைப் பொறுத்துக்கொண்டு ஆண்டுகளைக் கழிப்பவர்கள் உலகெங்கும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் இதற்கு ஒரு மாற்று வழி 2021இல் உறுதியானது: நெறியாளரையோ ஆய்வுக்குழுவையோ மாற்ற விரும்பும் மாணவருக்கு, புதிய இடம் தேடிக்கொள்ளும் வரை ஒரு பருவத்துக்கான நிதி உத்தரவாதமாக வழங்கப்படுகிறது. மாணவர்கள் நெடுநாள் வலியுறுத்திவந்த கோரிக்கை இது. பணம் ஒரு பருவத்துக்குத்தான் என்றாலும், வெளியேற ஒரு வாசல் இருக்கிறது என்று தெரிவதே உள்ளே இருப்பவர்களின் நடத்தையையும் மாற்றும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த அளவுக்குப் போகாத உரசல்களுக்கு ரெஃப்ஸ் என்ற சக மாணவர் குழுக்கள் பல துறைகளில் இயங்குகின்றன. பிணக்குகளைக் கையாளப் பயிற்சி பெற்ற மூத்த ஆய்வு மாணவர்கள், வந்தவர் சொல்வதை வெளியே சொல்லாமல் கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கான வழிகளை எடுத்துரைப்பார்கள். இது மன்றத்தின் நேரடிச் சேவை அன்று. ஆயினும் மன்றப் பிரதிநிதியிடம் வாய்விட்டுப் பேசும் ஒருவர் இறுதியில் வந்துசேரும் இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் குறிப்பிடுகிறேன். பெரியவர்களிடம் குறை சொல்வது மரியாதையன்று என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, பேராசிரியரிடமோ அதிகாரியிடமோ போவதற்கு முன்பு தம்மைப் போன்ற ஒரு மாணவரிடம் மனம்விட்டுப் பேச இடமிருப்பது பேருதவி. நன்றாகக் கற்பிப்பவர்களைப் பாராட்டும் வழக்கமும் மன்றத்துக்கு உண்டு. மாணவர்களின் பரிந்துரையின் பேரில் சிறந்த ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் விருது வழங்குகிறது.

வெளிவிவகாரக் குழுவின் பணியை 2017ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்கலாம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அவ்வாண்டு நிறைவேற்றிய வரி மசோதாவில், ஆய்வு மாணவருக்குத் தள்ளுபடி செய்யப்படும் கல்விக் கட்டணத்தையும் வருமானமாகக் கருதி வரி விதிக்கும் ஏற்பாடு இருந்தது. எம்.ஐ.டி.யின் கட்டணம் அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 டாலர். கையில் வராத அந்தப் பணத்துக்கும் கையில் வரும் உதவித்தொகையிலிருந்து வரி கட்ட நேர்ந்திருக்கும். நாடெங்கும் ஆய்வு மாணவர் அமைப்புகள் எதிர்த்து எழுதின, பேசின, தங்கள் தொகுதி உறுப்பினர்களின் அலுவலகங்களை அணுகின. இறுதிச் சட்டத்தில் அந்த ஏற்பாடு இடம்பெறவில்லை. எந்த ஓர் அமைப்பும் இவ்வெற்றியைத் தனக்கே உரியது என்று கொண்டாட முடியாது. ஆனால் வாக்குரிமை இல்லாத வெளிநாட்டு மாணவரின் கவலையை, வாக்குரிமை உள்ள சக மாணவரின் குரல் வழியே சட்டமன்றம் வரை கொண்டுசெல்ல இத்தகைய மன்றங்கள் இல்லாவிட்டால் வேறு வழி இல்லை.

சமூக வாழ்க்கைப் பக்கத்தில் சொல்வதற்கு நிறைய இருந்தாலும் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் புதியவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சிகளை மன்றம் நடத்துகிறது. மன்றத்தின் அலுவலகம் வாக்கர் மெமோரியல் கட்டடத்தில் உள்ளது, 1916இல் எம்.ஐ.டி. பாஸ்டனிலிருந்து ஆற்றைக் கடந்து கேம்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்ததை அடுத்து எழுந்த, முன்னாள் தலைவர் ஃபிரான்சிஸ் அமாசா வாக்கரின் பெயரைத் தாங்கிய கட்டடம் அது. அதே கட்டடத்தில் 1968 முதல் மடி சார்ல்ஸ் என்ற மதுக்கூடம் ஆற்றைப் பார்த்தபடி இயங்குகிறது. மது அருந்தாதவரும் அங்கே தயக்கமின்றிப் போகலாம். வேதியியல் மாணவரும் கட்டடக்கலை மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் இடங்கள் வளாகத்தில் அதிகம் இல்லை. சிட்னி பசிபிக், ஆஷ்டவுன் போன்ற ஆய்வு மாணவர் விடுதிகளில் காபி நேரம் போன்ற கூடுகைகள் நடக்கின்றன. மாணவர் குழுக்களுக்கு அங்கீகாரம் வழங்கும் சங்கத்தை இளநிலை மாணவர் அமைப்போடு இணைந்து மேற்பார்வையிடுவதும், குழுக்களின் நிகழ்ச்சிகளுக்கு நிதி ஒதுக்குவதும் மன்றத்தின் வேலை. இந்திய ஆய்வு மாணவர்கள் நடத்தும், ‘சங்கம்’ என்றே பெயர்கொண்ட அமைப்பைப் போன்ற பண்பாட்டுக் குழுக்கள் ஒரு வளாகத்தில் உயிரோடு இருப்பதற்கு இத்தகைய நிதி ஏற்பாடு இன்றியமையாதது. தீபாவளிக்கு ஓர் அரங்கத்தைப் பிடித்துச் சாப்பாடு போட எவ்வளவு செலவாகும் என்பதை, அதைச் செய்தவர்கள் அறிவார்கள்.

இந்த நிகழ்ச்சிகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. இளநிலையில் வகுப்பு, விடுதி, சாப்பாட்டுக்கூடம் என்று எங்கும் நண்பர்கள் தாமாகவே அமைந்துவிடுகிறார்கள். ஆய்வுப் படிப்பில் முதல் இரண்டாண்டுகளோடு வகுப்புகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. பிறகு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சிலரைத் தவிர வேறு முகம் பார்க்காமலே மாதங்கள் கடந்துவிடும். அப்படித் தனித்துப்போனவருக்குத் தம் உதவித்தொகை நியாயமானதா, தம் நெறியாளரின் நடத்தை இயல்பானதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. கணக்கெடுப்புக்குப் பதில் எழுதியவர்களும் நெறியாளர் மாற்றத்துக்காகக் குரல் கொடுத்தவர்களும் முதலில் இத்தகைய கூடுகைகளில்தான் ஒருவரையொருவர் அறிந்துகொண்டிருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

குறைகளும் உண்டு. பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறுவதால், நிர்வாகத்தோடு நடத்திய பேச்சின் நுணுக்கங்கள் அடுத்த அணிக்கு முழுமையாகக் கைமாறுவது கடினம். நிர்வாகத்தின் பக்கத்திலோ அதே அதிகாரிகள் பத்தாண்டுகள் இருப்பார்கள். ஐந்து, ஆறு ஆண்டுகள் பயிலும் ஒருவரின் படிப்புக் காலத்துக்குள் மன்றத்தின் தலைமை அத்தனை முறை மாறிவிடும். துறைப் பிரதிநிதி சுறுசுறுப்பானவராக இருந்தால் மாணவர்களுக்கு எல்லாச் செய்தியும் வந்துசேரும். இல்லையென்றால் மன்றம் என ஒன்று இருப்பதே தெரியாமல் போகும். நிகழ்ச்சிகளின் நேரமும் இடமும், வளாகத்தில் வசிக்கும் தனிநபர்களுக்கு ஏற்றவையாகவே இயல்பில் அமைந்துவிடுகின்றன. பக்கத்து நகரமான சாமர்வில்லில் கைக்குழந்தையோடு குடியிருப்பவர் மாலை ஏழு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? குடும்பத்தோடு இருப்பவர்களுக்கென்று விடுதிகள் இருந்தாலும், மன்றத்தின் கவனம் அவர்கள் பக்கம் இன்னும் கூடுதலாகத் திரும்ப வேண்டும். முதல் வாரத்தில் புதியவர் மேல் கொட்டப்படும் தகவலின் அளவும் மிகுதி. விசாப் பதிவு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு நடுவே கேட்ட செய்தி எதுவும் மனத்தில் தங்காது. அதையே சிறு சிறு கூறுகளாக முதல் பருவம் முழுவதும் பரப்பிக் கொடுத்தால் பயன் பலமடங்காகும்.

இத்தனைக்கும் பிறகு, நான் அறிந்த ஆய்வு மாணவர் அமைப்புகளுள் முன்வரிசையில் வைத்து மதிக்கத்தக்கது இது என்பதே என் முடிவு. அங்கே செல்லவிருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் துறையின் மன்றப் பிரதிநிதி யார் என்று விசாரித்து ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள்; சிக்கல் வந்த பிறகு தேடுவதைவிட இது எளிது. பொதுக்குழுக் கூட்டம் ஒன்றுக்கு, வாக்களிக்கும் உரிமை இல்லாவிட்டாலும், போய் உட்கார்ந்து கேளுங்கள். செலவுக் கணக்கெடுப்புப் படிவம் வந்தால், பத்து நிமிடம் ஆகுமே என்று தள்ளிப்போடாமல், வாடகை ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்மையான தொகையை நிரப்பி அனுப்புங்கள். ஊதியம், பணிநேரம் ஆகியவை பற்றிய குறை என்றால் தொழிற்சங்கத்திடமும், மற்றவற்றுக்கு மன்றத்திடமும் செல்லுங்கள்.